வகுத்துப் பார்த்தால்தான் தெரியும் கட்டணம்

கும்பகோணம் பேருந்து நிலையத்திலிருந்து சுவாமிமலை எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். கோயில் வாசல்வரை போகாமல் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. வெண்கலத்தில் அரம் உரசும் சத்தம் தெருமுனைக்கே கேட்டது. 2024 மே மாதம், காலை பத்து மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

சிலை பார்க்க நான் போகவில்லை. இங்கிருந்து வெளிநாட்டுக்குச் சிலை விற்கும் சிறு பட்டறைகள் இணையம் வழியாகப் பணம் வாங்கும்போது கையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத்தான். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கண் வேறு பக்கம் போனது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்து காய்ந்த வாசனை. மெழுகில் செய்த சிவகாமி ஒன்றைத் தராசில் வைத்தார் ஸ்தபதி. மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் எட்டு, ஒன்பது கிலோ பிடிக்குமாம். பின்கட்டில் காவிரி வண்டல் பூசிய அச்சுகளை வறட்டி அடுக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு.

கணினி இருந்தது பக்கத்து அறையில். ஸ்தபதியின் மருமகள்தான் அதைப் பார்க்கிறார், பி.காம். படித்தவர். “வாங்க சார், இந்தக் கணக்கைத்தான் நீங்க பாக்கணும்” என்று, அவர்கள் பணம் வாங்கும் இணையச் சேவையில் ஒரு வரவைத் திறந்து காட்டினார். டொராண்டோவிலிருந்து ஒருவர் ஓரடிப் பிள்ளையாருக்கு அனுப்பிய 500 அமெரிக்க டாலர். கட்டணம் என்ற வரியில் 4 சதவீதமும் 30 சென்ட்டும், ஆக 20.30 டாலர் பிடித்திருந்தது. மிச்சம் 479.70. அதற்குக் கீழே வங்கியில் சேர்ந்த தொகை: 38,807 ரூபாய் 73 காசு. அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு வரியும் இல்லை.

ரூபாயை டாலரால் வகுத்தேன். 80.90 வந்தது.

டாலரின் ஒப்பு விலையை எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு வேலை நாட்களில் பகல் ஒன்றரை மணி வாக்கில் வெளியிடுகிறது. 2018 ஜூலைவரை ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. அந்த மே மாதத்தில் விலை 83 ரூபாய் 40 காசை ஒட்டி நின்றது. டாலருக்கு இரண்டரை ரூபாய் குறைவு, அதாவது மூன்று சதவீதம். 479.70 டாலருக்கு 1,199 ரூபாய். பெயர் போட்டுப் பிடித்த கட்டணமே ஏறக்குறைய 1,693 ரூபாய்தான். இரண்டையும் கூட்டினால் 41,700 ரூபாய்ப் பிள்ளையாரில் 2,892 ரூபாய் வழியிலேயே நின்றுவிட்டது. ஏழு சதவீதம். மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி விட்டு அரிசி எடுப்பார்களே, அதுபோல. மேலே தையல் அப்படியே இருக்கும்.

“போன் போட்டுக் கேட்டேன் சார், வேற கட்டணமே இல்லைன்னாங்க” என்றார். எனக்காக அந்தச் சேவைக்கு இன்னொரு முறை போட்டார். மறுமுனையில் பணிவான குரல், அதே பதில். எந்த விலைக்கு மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, “மார்க்கெட் ரேட்தான் மேடம்.” குரலை நம்புவதைவிட எழுத்தைப் பார்ப்பது மேல் என்று ஒப்பந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். சுட்டியை உருட்டி உருட்டி விரல் வலித்தது. கட்டணப் பட்டியலைத் தாண்டி வெகு கீழே, நாணய மாற்றத்தின்போது அடிப்படை விலையோடு ஒரு விகிதம் சேர்க்கப்படும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. பொய் இல்லை; யாரும் போய்ச் சேராத இடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

விலை நன்றாக இருக்கும் நாள் பார்த்து மாற்றலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இந்தச் சேவையில் டாலரை வைத்திருக்க முடியாது. வந்தது தானாகவே ரூபாயாகி வங்கிக்குப் போய்விடுகிறது.

அவர் காட்டிய இன்னொரு வரவு எனக்கு இன்னும் உறுத்தலாக இருந்தது. 120 டாலருக்கு ஒரு குத்துவிளக்கு. வாங்கியவர் மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். வந்தபோது கட்டணம் போக 114.90 டாலர், 80.90 வீதம் 9,295 ரூபாய். திருப்பிக் கொடுத்தபோது 120 டாலரும் முழுசாக, இப்போது 85.90 வீதம் 10,308 ரூபாய். வரும்போது மூன்று சதவீதம் கீழே, போகும்போது மூன்று சதவீதம் மேலே. முதலில் பிடித்த கட்டணமும் திரும்பவில்லை. அலமாரியை விட்டு நகராத விளக்குக்கு ஆயிரத்துச் சொச்சம் நட்டம்.

வாங்குகிறவர் பக்கமும் இதே கதைதான். டொராண்டோக்காரர் பணம் கட்டும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கனடா டாலரிலேயே கட்டலாம், மாற்றத்தைச் சேவையே பார்த்துக்கொள்ளும் என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு அமெரிக்க டாலரில் கட்டினாலும், கனடாவில் பெரும்பாலான கடன் அட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு இரண்டரை சதவீதம் போடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து, அட்டையில் கட்டும்போது செய்யும் நாணய மாற்றத்துக்கு, ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியே ஆக வேண்டும். அப்படி ஓர் எண் இந்தத் திரையில் இருந்திருந்தால் நான் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மதியம் இருவரும் கும்பகோணத்தில் அவர்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போனோம். ஆட்டோ 250 ரூபாய். அந்நியச் செலாவணி மேசைக்குப் பின்னால் அன்றைய விலைத் தாள் ஒட்டியிருந்தது. டி.டி. பையிங், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் டாலரை வங்கி வாங்கும் விலை, 82.60. இதுவும் 83.40 இல்லை, வங்கியும் சும்மா மாற்றுவதில்லை. ஆனால் தாளில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருக்கிறார்கள். பெரிய தொகை என்றால் டீலிங் ரூமுக்குப் பேசி இன்னும் நல்ல விலை வாங்கித் தரலாம் என்றார் அதிகாரி. எவ்வளவு பெரிது என்று கேட்டேன். சிரித்தார்.

நேராக வங்கிக்கு அனுப்பினால் நடுவில் இருக்கும் வங்கி ஒன்று சுமார் 20 டாலர் எடுத்துக்கொள்ளும் என்றார். இந்தக் கிளையின் வரவுக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 236 ரூபாய். நாணய மாற்றத்துக்குத் தனியாக ஒரு ஜி.எஸ்.டி.; லட்சம் ரூபாய்வரை, மாற்றிய தொகையில் ஒரு சதவீதத்தை மதிப்பாக எடுத்து அதன்மேல் 18 சதவீதம், எப்படியும் 45 ரூபாய்க்குக் குறையாது. வரவுச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். 60 டாலர் விற்பனை என்றால் இணையச் சேவையில் 4,635 ரூபாய் கிடைக்கும், வங்கி வழியில் 3,023தான். சின்னப் பொருளுக்கு வங்கி ஆகாது. 500 டாலருக்கு வங்கி வழியில் 39,341, ஐநூற்றுச் சொச்சம்தான் கூடுதல். 3,000 டாலர் நடராஜர் என்றால் இணையத்தில் 2,32,968, வங்கியில் 2,45,600. பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் வித்தியாசம். இதை எழுதியதும் அவர் பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.

வெளியே வந்து டிகிரி காபி குடித்தோம், தம்ளர் 25 ரூபாய்.

பட்டறைக்குத் திரும்பியபோது நடராஜரின் திருவாசிக்கு உளி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே டொராண்டோக்காரர் கேட்டிருக்கும் சிலைதானாம் அது. அது பழஞ்சிலை அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகுதான் கப்பலேறும். மருமகள் விலைப்பட்டியலைத் திருத்தி, வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்த்து, பணம் அனுப்பும் செலவு வாங்குகிறவருடையது என்று ஒரு வரியும் போட்டு அனுப்பினார். கனடாவில் அப்போது விடிகாலை. ஆனாலும் கால் மணி நேரத்தில் பதில் வந்தது: வங்கிக்குப் போக நேரமில்லை, வழக்கம்போலவே கட்டிவிடுகிறேன்.

“அப்ப அந்தப் பன்னெண்டாயிரத்தையும் விலையில ஏத்திப் போடும்மா” என்றார் ஸ்தபதி, உளியை நிறுத்தாமல்.

“ஏத்தினா அடுத்த தெருப் பட்டறைக்குப் போயிடுவார், மாமா. அவங்க இன்னும் வகுத்துப் பாக்கலை.”