மரமும் புல்லும்

தோட்டத்திற் பிறந்தேன், தோட்டத்தில் வளர்ந்தேன், இன்றும் தோட்டத்திலே கணக்கெழுதிப் பிழைக்கிறேன். ஆயினும், எனக்கெனத் தோட்டம் ஒன்று இருந்ததில்லை. ‘தோட்டம்’ என்னும் சொல் வீட்டுக் கொல்லையையும் குறிக்கும். ஆயிரம் ஏக்கர் பரந்த கம்பெனி நிலத்தையும் குறிக்கும். முதற்பொருளில் தோட்டத்தை உடையவர் நம்மிற் சிலர். இரண்டாம் பொருளில் தோட்டத்துக்கு உடைமையாய் வாழ்ந்து கழிந்தவர் நம்மிற் பலர்.

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் பக்கத்தில், ஒருகாலத்தில் இரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் நிலத்திலே நான் கிராணி வேலை பார்க்கிறேன். எனக்கு விடப்பட்ட வீடு ஒரு செம்மண் மேட்டின்மேல் இருந்தது. மேட்டுச் சரிவின் அடியிலே பழைய லயம். அங்கே பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்று வீடுகளில் மட்டும் விளக்கெரிந்தது.

2019ஆம் ஆண்டு, எனக்குத் திருமணமான மறு ஆண்டு, அம்மேட்டின் விளிம்பை அழகுசெய்ய எண்ணங்கொண்டேன். என் மனைவி, வெட்டிவேர் வைக்கலாம் என்றாள். நான் நகைத்தேன். ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாயிலாகப் பயின்றவன் நான். சிறுவயதிற் படித்த புத்தகங்களிலெல்லாம் பனியும், பனியின் நடுவே பசுமை குன்றாது நிற்கும் ஊசியிலை மரங்களுமே படங்களாக இருந்தன. மேலாளர் பங்களாவின் வாயிலிலும் அத்தகைய மரங்கள் இரண்டு காவலர்போல் நின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் புல் ஒரு பொருளாகத் தோன்றுமோ? ஈப்போவில் நாற்றுக்கடையொன்றிலே நான்கு அரோக்கேரியாக் கன்றுகளை வாங்கி வந்தேன். நான்கு குழி தோண்டி விளிம்பிலே வரிசையாக நட்டேன்.

அம்மரத்தின் வரலாறு சிறிது கூறுவேன். அது தென் பசிபிக் தீவுகளுக்குரியது. 1774இல் கேப்டன் குக் நியூ கலிடோனியாவையும் நார்ஃபோக் தீவையும் கண்டபோது, வானளாவி நின்ற அம்மரங்களைப் பார்த்துக் கப்பலின் பாய்மரத்துக்கு ஏற்றவை என்று கருதினார். பின்னர் வந்தோர் வெட்டிப் பார்த்தபோது, நார்ஃபோக் மரம் எளிதில் முறிவது என்றும் பாய்மரத்துக்கு ஆகாது என்றும் கண்டனர். ஆயினும் அதன் அழகு அதற்குப் பிழைப்பு வழி காட்டிற்று. வெப்ப நாடுகளிலெல்லாம் மாளிகை வாயில்களில் அது குடியேறிற்று. தன் தாயகத்திலே ஐம்பது மீட்டர்வரை உயர வல்ல மரம் அது. வீட்டோரம் வைக்கத்தக்கதன்று என்பதை நட்ட பிறகே அறிந்தேன்.

மற்றொன்றையும் பிறகே சிந்தித்தேன். ‘பசுமை மாறாத மரம்’ என்று அதனைப் புகழ்கின்றனர். ஏனைய மரங்களெல்லாம் இலையுதிர்த்து நிற்கும் குளிர்நாட்டில் அஃது ஒரு சிறப்பே. பேராக்கில் அஃது என்ன சிறப்பு? இங்கே மாவும் பலாவும் மங்குஸ்தீனும் ஆண்டு முழுதும் பசுமையாகவே நிற்கின்றன. நாமறிய ஆண்டுதோறும் இலையுதிர்த்தது பால்மரம் ஒன்றே. அதுவும் பிரேசிலிலிருந்து வந்தது. 1877இல் கோலாகங்சாரில் நடப்பெற்ற முதற் கன்றுகளில் ஒன்று எனக் காட்டப்படும் முதுமரம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறநாட்டின் குறையைத் தீர்க்க வந்த புகழை, அக்குறையே இல்லாத நாட்டில் நான் விலைகொடுத்து வாங்கினேன்!

அவ்வாண்டு நவம்பர் மழை வந்தது. ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதிற் கணிசமான பங்கு ஆண்டின் இறுதி மாதங்களிலே கொட்டும். ஒருநாள் மாலை இரண்டு மணி நேரம் விடாது பெய்தது. மறுநாட் காலையில் லயத்துப் பாட்டி ஒருவர் என் வாயிலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகள் பால்வெட்டியவர். என் தந்தையாரின் பிரட்டிலே பெயர் கொடுத்தவர்.

“கிராணி ஐயா, உங்க மரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேட்டு மண்ணெல்லாம் என் அடுப்புக்குள்ள வந்திருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க,” என்றார்.

சென்று பார்த்தேன். அடுப்படியிற் கணுக்கால் அளவு செஞ்சேறு. அரிசி வைத்திருந்த வாளி சாய்ந்து கிடந்தது. அண்ணாந்து நோக்கினேன். நான் குழி தோண்டி இளக்கிய இடங்களிலேதான் சரிவு வாய்பிளந்திருந்தது. ஆண்டுதோறும் அவர் வீட்டு வடிகாலிலே மண் இறங்குவதை என் தாழ்வாரத்திலிருந்து கண்டிருக்கிறேன். அது கீழே உள்ளவர் பாடு என்று இருந்துவிட்டேன். இப்போதோ அம்மண்ணை இளக்கிவிட்டவனும் நானே ஆனேன். என் நாணத்தை அவர் பொருட்படுத்தவில்லை. “பாட்டி, என்ன செய்யலாம்?” என்றேன். தம் குளியலறைத் தண்ணீர் வழியும் இடத்தைக் காட்டினார். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு வெட்டிவேர்த் தூறு நின்றது.

வாசகர்களே, வெட்டிவேரை நாம் அறியாதவரல்லோம். பானைத் தண்ணீரில் இடுவதும், தட்டி முடைவதும், தைலம் வடிப்பதும் நம்மவர் நெடுநாளாய்ச் செய்வனவே. ஆனால், அப்புல்லின் பெருந்தொழில் மண்ணுக்குள் நடைபெறுகிறது. அதன் வேர் பக்கவாட்டிற் படராது செங்குத்தாக இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டருக்கு மேலும் செல்லும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால் தூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலியாகும். ஓடிவரும் நீர் அவ்வேலியில் தடைப்பட்டு வேகம் குன்றும்; சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு மெல்லக் கசிந்து செல்லும். தங்கிய மண் நாளடைவிற் படியாக உயரும். ஃபீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் 1950களிலேயே இம்முறை கையாளப்பட்டது. 1980களில் உலக வங்கியின் வேளாண் அறிஞர்கள் இதனை இந்தியாவிலே பரப்பினர். மலேசியாவிலும் நெடுஞ்சாலைச் சரிவுகளில் இப்புல்லை நட்டிருக்கின்றனர். பெரும் பொறியாளர் கையாளும் மருந்து பாட்டியின் குளியலறை ஓரத்தில் இருந்தது. நான் அதைக் களை என்றே எண்ணியிருந்தேன்!

அவ்வாறு எண்ணியதற்கும் ஒரு காரணம் உண்டு. புல் என்றாலே நம் தோட்டத்து மக்களுக்கு லாலான் நினைவே வரும். இம்மண்ணுக்கே உரிய புல் அதுதான். வெட்டிவேரும் அரோக்கேரியாவும் நம்மைப்போல் வந்து சேர்ந்தவை. லாலானை ஒழிக்க நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் முதுகொடிந்தனர். வெட்டினாலும், தீயிட்டாலும், மண்ணுள் ஓடும் கிழங்கிலிருந்து அது மீண்டும் முளைக்கும். பழைய நாளில் ஒரு புல்லும் இன்றித் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் எனக் கொண்டனர். அதன் பயனாக மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. பின்னரே மூடுபயிர்க் கொடிகளை வளர்க்கத் தொடங்கினர். நாம் நடும் வெட்டிவேரோ விதையால் பரவாது, கிழங்கோடியும் பரவாது, வைத்த இடத்திலே நிற்கும்.

பாட்டி தூற்றைப் பிளந்து கொடுத்தார். இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, வேரை விரலளவு விட்டு, அரைச்சாண் இடைவெளியில் குறுக்காக இரண்டு வரிசை நட்டோம். பாட்டி எடுத்துக் கொடுக்க, என் மனைவி நட, நான் மண்வெட்டி பிடித்தேன். கிராணி வீட்டாரும் லயத்தாரும் ஒரே வரிசையிற் குனிந்து நின்றது அம்மேட்டில் அன்றே முதன்முறை என்று பாட்டி சொன்னார். முதல் ஆறு மாதம் ஆறேழு நாற்றுகள் பட்டுப்போயின, மாற்று வைத்தோம். மரக்கன்றுகளில் மூன்றைப் பெயர்த்து, வெட்டவெளியான பழைய பந்துத்திடலின் ஓரத்தில் நட்டேன். நான்காவது கன்று வேர் பிடித்துவிட்டமையால் அங்கேயே விட்டேன். 2021ஆம் ஆண்டு மழையில் பாட்டியின் வடிகாலுக்குத் தெளிந்த நீரே வந்தது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 2023இல் லயத்தை ஒழித்துவிடும்படி அறிவிப்பு வந்தது. அறிவிப்பைத் தட்டெழுதியவன் நான். அதைக் கையிற் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான். பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டார், ஒன்றும் கூறவில்லை. ஈப்போவில் மகள் வாழும் அடுக்குவீட்டுக்குப் புறப்பட்ட அன்று, பழைய சாயத்தகரம் ஒன்றில் வெட்டிவேர்த் தூறொன்றைப் பெயர்த்து வைத்திருந்தார்.

“மூணாம் மாடியிலே சரிவு ஏது பாட்டி?” என்றேன்.

“வேலை இல்லாட்டி வாசம் இருக்கு,” என்றார்.

அடுத்த ஆண்டு நானும் அவ்வீட்டை விட்டேன். நான்காம் மரம் இப்போது கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. பார்ப்போர் அதன் அழகை மெச்சுகின்றனர். அதை நான் பெயர்த்தெடுக்க முடியுமா? புல்லிலோ கைப்பிடியளவு எடுத்து வந்தேன். இன்று என் பெயரில் உள்ள சிறு மனையின் பின்புறத்தில் அது தழைக்கிறது.

மரம் வேண்டா என்று நான் கூறேன். பரந்த வெளியும், நூறாண்டு நிற்கும் உரிமையும் உடையவர் மரம் நடுக. நமக்கும் அவ்வுரிமை வேண்டும். ஆனால் எதை நடினும் முதலிற் சரிவின் அடியிலே யார் வீடு இருக்கிறதென்று எட்டிப் பாருங்கள். நான் பார்த்திருந்தால், பாட்டியின் அரிசி வாளி அன்று சாய்ந்திராது.