கையில் உள்ளதைச் சொல்லுதல்

சீட்டுக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பிரிட்ஜ் ஆட்டத்துக்கும் அந்த அவப்பெயர் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், 60 வயதுப் பிரணாப் பர்தனும் அவருடைய ஜோடி சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்ற பிறகுதான், என் மனைவி இதை ஓர் ஆட்டமென்று ஒப்புக்கொண்டாள்.

என்னை ஈர்த்தது சீட்டை இறக்கும் பகுதியன்று. அதற்கு முன் நிகழும் ஏலமே. ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டுகள். அவை அமையக்கூடிய வகைகள் 63,500 கோடிக்கும் மேல். நம் கை இன்னதென்று எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்கு உணர்த்த நமக்கு அளிக்கப்பட்டுள்ள சொற்களோ, 35 ஏலங்களும் பாஸ், டபிள், ரீடபிள் என்பனவும் சேர்ந்து 38 மட்டுமே. அரசாங்கக் கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய எனக்கு அச்சிக்கனம் பிடித்துப்போயிற்று.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று மதிப்பிட்டால் கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள். துருப்பு இல்லாமல் 9 பிடிகள் எடுக்க இருவர் கையிலுமாக 25 வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

தில்லியின் குளிர்கால வெயிலில், மதிய இடைவேளையில், அலுவலகப் புல்தரையில் எனக்கு இதைக் கற்பித்தவர் ஒரு வங்காளி. எல்லோருக்கும் அவர் தாதா. அவர் '1 நோட்ரம்ப்' என்று தொடங்கினால் சீரான கை, 15 முதல் 17 புள்ளிகள். என்னிடம் 10 இருந்தால் நேரே '3' என்பேன். 8 அல்லது 9 இருந்தால் '2'. அந்த இரண்டுக்குப் பொருள், "என்னிடம் இவ்வளவே, உங்களிடம் மேலெல்லை இருந்தால் போங்கள், கீழெல்லை என்றால் நில்லுங்கள்" என்பது. தன் கையைக் குறுகிய எல்லைக்குள் சொல்லிவிட்டவன் முடிவெடுக்கும் உரிமையையும் கூட்டாளியிடம் கொடுத்துவிடுகிறான். ஆசைக்காரனுக்கு இது எளிதன்று. 9 புள்ளியை அழகான 9 என்று கருதி 10 ஆக்கத் தோன்றும்.

துறைகளுக்கிடையே நடந்த போட்டியொன்றின் இறுதிச் சுற்றில் அதே நிலை வந்தது. என்னிடம் 9, '2' என்றேன். தாதாவிடம் 15; பாஸ் சொன்னார். சீட்டுகள் எங்களுக்குச் சாதகமாகக் கிடந்தமையால் அவர் 9 பிடிகள் எடுத்தார். எங்களுக்குக் கிடைத்தது 150. அதே கைகளை அடுத்த அறையில் ஆடிய எதிரணியினர் 24 புள்ளிகளோடு துணிந்து '3' வரை சென்று 600 பெற்றார்கள். கோப்பை அந்த ஓர் ஆட்டத்தில் போயிற்று. எங்கள் அணியின் மற்ற இருவரும் என்மேல் பாய்ந்தார்கள். தாதா அவர்களை நிறுத்தி, "அவர் தம் கையைச் சொன்னார், நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இருந்தால் காட்டுங்கள்" என்றார். பிறகு தேநீர் வாங்கப் போய்விட்டார்.

சொல்லும் சொல்லைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாதென்பது இவ்வாட்டத்தின் கடுமையான விதி. குரலை ஏற்றக்கூடாது, பொருள்படத் தயங்கக்கூடாது. ஏலத்தின் பொருளைக் கேட்டறிய எதிரணிக்கும் உரிமையுண்டு. 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி திரை வைத்தார்கள். அப்போதும் மேசைக்கடியில் காலால் தொட்டதற்காக இத்தாலிய ஆட்டக்காரர் இருவர் கண்டிக்கப்பட்டனர்; கீழேயும் தடுப்பு வைக்க நேர்ந்தது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் "நல்லாத்தான் இருக்கேன்" என்னும்போது, அந்த 'தான்' நீளும் அளவை வைத்தே நாம் விடுப்புக்கு எழுதுகிறோம். பிரிட்ஜில் அப்படிக் கேட்டறிவது குற்றம்.

தாதா ஓய்வு பெற்றுக் கொல்கத்தா சென்றுவிட்டார். இப்போது என் கூட்டாளி திருச்சியிலிருந்து வந்துள்ள ஓர் இளைஞர். "சார், சார்" என்று மிகுந்த மரியாதை காட்டுகிறார். எங்கள் உடன்பாடுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறோம். முதற்பக்கத்தில் '1 நோட்ரம்ப்: 15 முதல் 17' என்று எழுதினேன். "நல்ல 14 வந்தால் என்ன சார் செய்வது?" என்று கேட்கிறார். நல்ல 14 என்று ஒன்று உண்டா என்பதில் எங்களுக்குள் மூன்று வாரமாக வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.