“ஒத்த முள் போதும் மாப்ளே!”

மதுரை அண்ணா நகரில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அந்த இளைஞருக்கு, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் வேறொரு வேலை இருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய செய்தித்தாளை விரித்து, டப்பாவிலிருந்து ரப்பர் தவளைகளையும் பிளாஸ்டிக் மீன்களையும் எடுத்து வரிசையாக வைக்கிறார். பகலெல்லாம் கார்புரேட்டரைக் கழற்றிய அதே நோஸ் பிளேயரால், அவற்றில் தொங்கும் முட்களைக் கழற்றத் தொடங்குகிறார்.

விரால் பிடிக்கப் போகிறவர் யாராவது முள்ளைக் கழற்றுவாரா? போன மழைக்காலம் வரை அவரும் இப்படித்தான் கேட்டிருப்பார்.

அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா தவறிவிட்டார். தையல் மெஷினை மிதித்தே வளர்த்தார் அம்மா. ஞாயிறானால் மேலூர் பக்கத்திலிருந்து தாய்மாமா வந்துவிடுவார். சைக்கிளில் உட்காரவைத்துக் கண்மாய்க்குக் கூட்டிப்போவார். மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, முள்ளில் கோத்த உயிர்த்தவளை. மாமாவின் தூண்டில் அவ்வளவுதான். விரால் தவளையை வயிறு வரை விழுங்கிவிடும். முள்ளை எடுக்க மீனை அறுக்க வேண்டும். குழம்புக்குப் பிடித்த மீன் என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

மருமகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் ராடு, ரீல் எல்லாம் வாங்கினார். கூடவே மலிவான ஒரு பிளாஸ்டிக் மீன். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என இரண்டு கொத்து முட்கள். கொத்துக்கு மூன்றாக மொத்தம் ஆறு. முள் அதிகமானால் மீன் தப்பாது என்பது அவர் கணக்கு.

போன மழைக்காலத்தில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இருவரும் ஒரு கண்மாயில் இறங்கினார்கள். தாமரை இலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் சிவப்பாகத் துடித்தது. விரால் குஞ்சுக் கூட்டம். அவர் அதைத் தாண்டி வீசி இழுத்தார். கீழே காவலுக்கு நின்ற விரால் பாய்ந்து கவ்வியது. கம்பு வளைந்தது. அடுத்த நொடியே நரம்பு தொய்ந்துபோனது.

நரம்பு அறுந்திருக்கவில்லை. அதையும் பிளாஸ்டிக் மீனையும் இணைத்திருந்த சின்ன வளையம்தான் விரிந்துவிட்டது.

லூர் போன வருத்தத்தில் மறுநாள் காலை மறுபடி போனார். தாமரைத் தண்டோடு சேர்ந்து விரால் செத்துக் கிடந்தது. வால் பக்கத்து முட்கள் அதன் வாயில். வயிற்றுப் பக்கத்து முட்கள் தண்டில். விரால், மேலே வந்து காற்றை விழுங்கினால்தான் உயிரோடு இருக்கும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. தண்டில் கட்டிப்போட்டதுபோல மாட்டிக்கொண்ட மீன், மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிப் போயிருந்தது. பக்கத்திலேயே குஞ்சுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. கரையில் கொக்குகள் நின்றன.

மாமா திட்டவில்லை. “தாயும் தகப்பனும் சேர்ந்து காக்குற சாதி இது. ஒண்ணு போயிட்டா பாதிக் காவல்தேன் மாப்ளே” என்றார். மருமகன் பதில் பேசவில்லை. பாதிக் காவலில் வளர்வது எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“அப்ப, மீனே புடிக்கக் கூடாதா மாமா?” என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார். “கோடையில கண்மாய் வத்தும்போது ஊரே ஊத்தா, கச்சாவோட எறங்குதே, அது வேற. தண்ணி வத்துனா மீனு எப்படியும் சாகும். மழைக்கால விரால் குடித்தனம் நடத்துது. அதைப் புடிச்சா, திருப்பி விடுற மாதிரி புடிக்கணும்” என்றார் மாமா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதுக்கு ஒத்த முள் போதும் மாப்ளே” என்றார்.

அன்றிலிருந்துதான் இந்தச் சனிக்கிழமை வேலை.

முதலில் பிளாஸ்டிக் மீன்கள். வயிற்றுக் கொத்தை அடியோடு எடுத்துவிடுகிறார். வாலில் கொத்துக்குப் பதிலாகத் தடித்த கம்பியில் செய்த ஒற்றை முள், நுனி மேல்நோக்கி. எடை குறைந்தால் லூர் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் மிதக்கவிட்டு, இழுத்துப் பார்த்துச் சரிசெய்கிறார்.

அடுத்தது வளையம். சாவிக்கொத்து வளையத்தின் குட்டித் தம்பிபோல இரட்டைச் சுற்றாக இருக்கும். நகத்தாலேயே விரிகிற வளையம் குப்பைக்குப் போகிறது. அவர் நரம்பு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ இழுவை தாங்கும். வளையமும் முள்ளும் அதைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஒன்று பலவீனமாக இருந்தாலும் மொத்தமும் வீண்.

ரப்பர் தவளைக்கு இரட்டை முள். நுனிகள் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் ஆகாயத்தாமரையில் சிக்காது. விரால் கவ்வும்போது உடல் அமுங்கி நுனி வெளியே வரும். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, நுனி எட்டவில்லை என்றால் மயிரிழை வெளியே வளைக்கிறார். தண்ணீர் தெறித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுக்க வேண்டும்.

கடைசி வேலைதான் முக்கியம். முள் நுனிக்குச் சற்றுக் கீழே, எதிர்ப்பக்கமாகச் சீவிவிட்டதுபோல் ஒரு சின்னச் செதில் இருக்கும். ஏறிய முள் திரும்பி வராமல் தடுப்பது அதுதான். பிளேயரால் அதை அழுத்தித் தட்டையாக்குகிறார். இனி முள் வந்த வழியே நழுவி வெளியேறும், மீன் வாயிலிருந்தும், தவறி ஏறினால் மனிதர் விரலிலிருந்தும். நரம்பைத் தொய்யவிட்டால் மீன் போய்விடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

பெரிய மீன் என்றால் தென்னிந்தியத் தூண்டில்காரர்கள் காவிரியைத்தான் சொல்வார்கள். 1946-ல் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஹ்சீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். காவிரிக்கே உரிய, திமில் வைத்த அந்த மஹ்சீர் இனம் 2018-ல் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. விராலுக்கு அந்த நிலை வரவில்லை. வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி.

இந்த மழைக்காலத்தில் அதே கண்மாய்க்குப் போனார்கள். அதே சிவப்புத் துடிப்பு, அதே பாய்ச்சல். வளையம் தாங்கியது. மூன்று கிலோ இருக்கும் என்று மாமா சொன்ன விராலைக் கரைக்குப் பத்தடி தூரம் வரை கொண்டுவந்துவிட்டார். மாமா உற்சாகத்தில் தோளைத் தட்ட, நரம்பு ஒரு கணம் தொய்ந்தது. முள் நழுவியது. மீன் போய்விட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாதான் முதலில் சிரித்தார்.

“போனாப் போகுது மாப்ளே. வீட்டுக்குத்தேன் போயிருக்கும்.”

குழம்புக்கு, வரும் வழியில் ஒரு கிலோ ஜிலேபிக் கெண்டை வாங்கிக்கொண்டார்கள்.