தங்கவயலில் இறங்கிய ஐயாவுக்கு

மதிப்பிற்குரிய பி.வி. ஸ்ரீகண்டன் ஐயா அவர்களுக்கு,

2019 அக்டோபரில் நீங்கள் மறைந்தது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தா வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். கூண்டில் இறங்க இறங்கக் காது அடைக்கும், அடியில் பாறையைத் தொட்டால் சுடும் என்பார். அந்தக் குழிக்குள் தங்கத்தைத் தவிர வேறு எதையாவது யாராவது தேடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நீங்கள் தேடியிருக்கிறீர்கள். 1950களின் தொடக்கத்தில், ஹோமி பாபா சொல்லி, துகள் எண்ணும் கருவிகளோடு அதே தங்கவயலில் இறங்கினீர்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் மியூவான் துகள்கள் பாறையைத் துளைத்து எவ்வளவு ஆழம் வருகின்றன என்று எண்ணினீர்கள். வானத்தை அளக்கப் பாதாளத்துக்குப் போன மனிதர்! தாத்தாவும் நீங்களும் ஒரே கூண்டில் நின்றிருப்பீர்களோ என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதற்குக் காசா பணமா?

அப்புறம் ஊட்டியில் பல வருட ஆய்வு. நாற்பதாவது வயதில் அமெரிக்காவில் இயற்பியலாளர் புரூனோ ரோசியிடம் போய், அப்போதுதான் முளைத்திருந்த எக்ஸ்ரே வானியலுக்கு மாறினீர்கள். (எனக்கு நாற்பத்து மூன்று. சிஎன்சி மெஷினுக்கு மாறலாமா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன்.) விருச்சிகத்தில் பளிச்சென்று தெரிந்த எக்ஸ்ரே மூலம் வானில் எங்கே இருக்கிறது என்று 1966இல் ராக்கெட் அனுப்பித் துல்லியமாகச் சொன்ன குழுவில், ஜியாக்கோனியின் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கிறது. அவருக்கு 2002இல் நோபல் கிடைத்தது.

நீங்கள் அங்கேயே தங்கிவிடவில்லை. எக்ஸ்ரே நம் நெஞ்சைத் துளைத்துவிடும். ஆனால் தலைக்கு மேலே உள்ள காற்று மொத்தமும் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதைத் தாண்டி விண்வெளி எக்ஸ்ரே தரைக்கு வராது. அதனால் ஹைதராபாத்தில் பால் பாக்கெட்டை விட மெல்லிய பிளாஸ்டிக்கில் ராட்சச பலூன். உள்ளே ஹைட்ரஜன், கீழே தொங்கும் கருவி. 1968இல் அதே விருச்சிக மூலத்தை நம் மண்ணிலிருந்து அளந்தீர்கள். மியூவானுக்குப் பாறை வேண்டியிருந்தது. எக்ஸ்ரேவுக்குக் காற்றுகூட இடைஞ்சல்.

2015 செப்டம்பர் 28 காலை பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. அதிலிருந்த பெரிய எக்ஸ்ரே கருவியைச் செய்தது நீங்கள் பன்னிரண்டு வருடம் இயக்குநராக இருந்த டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம். அந்த நேரம் நான் தலை நிமிராமல் ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்திருப்பேன்.

சுரங்கம் 2001இல் மூடியது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கவயல் பேச்சு வந்தாலே பெருமூச்சுதான். உங்களைப் பற்றிப் படித்ததை அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் குழியிலிருந்தா நட்சத்திரத்துக்குப் போனாரு?" என்று கேட்டு, தாத்தா படத்தைத் துடைத்து மாட்டினார். அதற்காகத்தான் இந்த நன்றி.

போன ஆனியில் ஒருநாள் ராத்திரி மெட்ரோ ரயிலெல்லாம் ஓய்ந்தபின் அம்மாவும் நானும் மொட்டை மாடிக்கு ஏறினோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் விருச்சிகத்தின் கேட்டை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அதற்கு வடக்கே, அனுஷத்தையும் தாண்டி, ஒன்றும் தெரியாத இடத்தைக் கைகாட்டி, "அங்கேதான்மா" என்றேன்.

இப்படிக்கு,
தங்கவயல்காரர் பேரன்
ஈக்காட்டுத்தாங்கல்