பளபளக்கும் பட்டனுக்குப் பின்னால் ஒரு நோய்

1/ போன வாரம் மண்ணில் கிடைத்த ஒரு பழைய பட்டன் படம் போட்டதும், "டாக்டர், புதையல் கிடைச்சா எங்களுக்கும் பங்கு உண்டா?"ன்னு ஏகப்பட்ட கேள்வி. புதையல் எல்லாம் இல்லைங்க. ஆனா அந்த பட்டனுக்குப் பின்னாடி ஒரு நோய் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வாங்க.

2/ நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். லீவு நாள்ல மெட்டல் டிடெக்டரோட வயல்ல நடப்பேன். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னாடி, நிலத்துக்காரர் அனுமதியோட. சத்தம் கேட்ட இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் ஆணி, கூல்டிரிங்ஸ் கேன் துண்டு, தோட்டா உறை. அதுக்கு அடுத்தபடியா அதிகம் கிடைப்பது பட்டன்தான்.

3/ நடு வயல்ல இவ்வளவு பட்டன் எப்படி வந்தது? வேலை செய்தவங்க சட்டையிலிருந்து அறுந்து விழுந்தது ஒரு பங்கு. இன்னொரு காரணம் உரம்! கம்பளி என்பது கெரட்டின் புரதம். மண்ணில் மெதுவா மக்கி நைட்ரஜன் கொடுக்கும். அதனால் கந்தல் கம்பளித் துணியை, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களில் உரமாகக் கொட்டினார்கள். துணி மக்கிப் போச்சு, பட்டன் தங்கிடுச்சு.

4/ பட்டன் கிடைச்சா எல்லாரும் முதல்ல முன்பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. நங்கூரம் இருந்தா கடற்படை. குடும்பச் சின்னம் இருந்தா பெரிய வீட்டு வேலைக்காரரின் சீருடை. (சின்னம் முதலாளியோடது, கோட்டு போட்டது வேலைக்காரர்!) ஒண்ணுமே இல்லாம தட்டையா, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தா பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு டோம்பாக், அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது.

5/ நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தை. காது மாதிரி ஒரு வளையம், அதைச் சுற்றி பொடி எழுத்து. 'கில்ட்', 'ட்ரெபிள் கில்ட்', 'ரிச் ஆரஞ்ச்'. எல்லாம் தங்க முலாமைப் பற்றிய பெருமை. முலாமே இல்லாம இப்படிப் போட்டு ஏமாற்றியவர்களும் உண்டு. அதைக் கட்டுப்படுத்த 1796ல் தனியா ஒரு சட்டமே வந்தது. முன்பக்கத் தங்கம் தேய்ந்து போனாலும், வளையத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் கொஞ்சம் மின்னும்.

6/ அந்தத் தங்கம் எப்படி ஒட்டியது? அன்றைக்கு மின்முலாம் கிடையாது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் மாதிரி ஒரு கலவை. அதைப் பித்தளை பட்டனில் பூசி, கரி அடுப்பில் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் தங்கிவிடும். பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பர்மிங்ஹாம் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர் போனது.

7/ "பாதரசம் ஆவியாகப் போய்விடும்"னு சுலபமா சொல்லிட்டேன். எங்கே போகும்? அடுப்புக்கு முன்னால் நிற்கும் ஆளோட நுரையீரலுக்குத்தான். திரவப் பாதரசத்தை விழுங்கினால் உடல் மிகக் கொஞ்சமே உறிஞ்சும். ஆவியாகச் சுவாசித்தால் சுமார் 80% ரத்தத்தில் கலந்து, மூளை வரை போகும்.

8/ ஈறு வீங்கும், எச்சில் வழியும், பல் ஆடும். விரல்களில் மெல்லிய நடுக்கம் ஆரம்பித்து கை, உதடு, நாக்கு வரை பரவும். தூக்கம் போகும். சட்டுனு கோபம், ஆட்களைப் பார்க்கவே கூச்சம். குணமே மாறிடும். இதற்கு மருத்துவத்தில் 'எரெதிசம்'னு பேர். நடுங்கும் கையால் சட்டைக்கு பட்டன் மாட்டுவது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. அந்த பட்டனை மின்ன வைத்த ஆளுக்கே அந்த நிலை.

9/ மின்முலாமுக்கு பர்மிங்ஹாமின் எல்கிங்டன் 1840ல் காப்புரிமை வாங்கிய பிறகு இந்த அடுப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. தொழிலாளியைக் காப்பாற்றணும்னு மட்டும் வந்த மாற்றம் இல்லை. செலவு குறைச்சல் என்பதும் ஒரு காரணம். பாதரச நோய் வந்தால் தொழிலாளிக்கு இழப்பீடுன்னு பிரிட்டிஷ் சட்டம் சொன்னது 1906ல்.

10/ இப்போ எனக்கு ரொம்ப விசித்திரமாகப் படும் விஷயம். இங்கிலாந்தில் புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் யாரிடம் சொல்லணும் தெரியுமா? கரோனரிடம். அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரி. 1996 சட்டப்படி, பொதுவாக 300 வருஷத்துக்கு மேல் பழையதாக, குறைந்தது 10% தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள்தான் புதையல். நம்ம பட்டன் இரண்டிலும் ஃபெயில்.

11/ டாக்டராக நானும் அதே கரோனருக்கு எழுதுகிறேன். செய்த வேலையால் வந்த நோயில் ஒருவர் இறந்தால் தெரிவிப்பது எங்கள் கடமை. ஒரு முதியவர், மூச்சுத் திணறலோடு வந்தார். ஃபைலில் 'ஓய்வு பெற்றவர்' என்று மட்டும் இருந்தது. "சின்ன வயசுல என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். இருபது வயதில் இரண்டு வருஷம், கப்பலுக்குள் குழாய் மேல் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றும் வேலை. நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், மீசோதீலியோமா. அவர் போன பிறகு அந்த இரண்டு வருஷத்தைத்தான் கரோனருக்கு எழுதினேன்.

12/ முலாம் பூசியவருக்கு அப்படி எழுத ஒரு விதி அன்று இல்லை. பட்டனின் பின்பக்கம் கம்பெனி பேர் இருக்கு, தரம் இருக்கு. அடுப்பில் நின்றவர் பேர் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பட்டனையும் தனி உறையில் போட்டு, கிடைத்த இடமும் தேதியும் எழுதி வைக்கிறேன். தேய்த்துக் கழுவ மாட்டேன். தேய்த்தால் மிச்சத் தங்கமும் போயிடும்.

13/ இது பழங்கதை இல்லைங்க. பாதரச ஆவிக்கு கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்களை நமக்குத் தெரியும். ஆலை மூடியது 2001ல். உலகம் முழுக்க சிறு தங்கச் சுரங்கங்களில் இன்றும் பாதரசத்தைச் சூடாக்கித்தான் தங்கம் பிரிக்கிறார்கள். இப்படி வேலை செய்பவருக்குக் கை நடுங்கினால் 'வயசாச்சு'ன்னு விடாதீங்க. சிறுநீரில் பாதரச அளவு பார்க்கலாம்.

14/ "ஊர்ல நாங்களும் டிடெக்டர் வாங்கலாமா?"ன்னு கேட்டவங்களுக்கு: வேண்டாம். இந்தியாவில் 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் தோண்டினால் அது குற்றம்.

15/ கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கன்னு சொல்லுங்க. முப்பது வருஷம் முன்னாடி ஆறு மாசம் மட்டும் பார்த்த வேலையையும் சேர்த்து. வீட்டுப் பெரியவங்களை அழைச்சுட்டுப் போனா, அவங்களுக்காக நீங்க சொல்லுங்க.