மகாராஜா விற்ற மாளிகையில் ஒரு புது மதம்

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வந்துவிடும். மேற்கு சஸெக்ஸில் உள்ள சின்ன ஊர். கடைத்தெருவில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக, பல நூற்றாண்டு பழைய வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கீழே காபிக் கடை, மேலே கோணலாகச் சாய்ந்த ஜன்னல். 1609-இல் தொடங்கிய சாக்வில் காலேஜ் என்ற முதியோர் இல்லத்தில் இன்றும் முதியவர்கள் வசிக்கிறார்கள்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானத்தோடு எரிந்து, முகம் உருகிப்போன வீரர்களுக்கு இங்குள்ள குயின் விக்டோரியா மருத்துவமனையில்தான் டாக்டர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ புது முகம் கொடுத்தார். சிகிச்சை பாதியில் இருக்கும்போதே அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். ஊர்க்காரர்கள் யாரும் முகத்தைச் சுளிக்காமல், சகஜமாகப் பேசினார்கள். ‘வெறித்துப் பார்க்காத ஊர்’ என்ற பெயர் அதனால் வந்தது.

அந்தப் பழக்கம் பிறகும் உதவியிருக்கும் போலிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அத்தனை மதங்கள்! வடக்கே நியூசேப்பலில் 1958-இல் திறந்த மார்மன் கோயில். பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் ரோவில் ருடால்ஃப் ஸ்டைனரின் ஆன்மிகக் கல்வியைப் பின்பற்றும் எமர்சன் காலேஜ். கத்தோலிக்கர்களின் ஓபஸ் டேய் அமைப்புக்கும் இந்தப் பக்கம் ஒரு மாளிகை உண்டு. பூமிக்கடியில் சக்திக் கோடுகள் ஓடுவதால்தான் எல்லோரும் இங்கே வருகிறார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. லண்டனுக்குப் பக்கத்தில் பெரிய மாளிகைகள் விலைக்குக் கிடைத்தன என்பது அதைவிட நம்பும்படியான காரணம்.

அப்படி விலைக்குக் கிடைத்த மாளிகைகளில் ஒன்றுதான் செயின்ட் ஹில். ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். 1792-இல் மணற்கல்லில் கட்டியது. 1959-இல் இதை விற்றவர் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங், அதாவது காயத்ரி தேவியின் கணவர். வாங்கியவர் எல். ரான் ஹப்பார்ட் என்ற அமெரிக்கர். அறிவியல் புனைகதைகள் எழுதிக்கொண்டிருந்தவர், 1950-இல் ‘டயனடிக்ஸ்’ என்ற மனநலப் புத்தகத்தை எழுதிப் பரபரப்பாகப் பேசப்பட்டவர். அந்தப் புத்தகத்திலிருந்து வளர்ந்ததுதான் சயின்டாலஜி. 1953-இல் அது சர்ச் என்று பதிவானது. நடிகர் டாம் குரூஸ் பின்பற்றும் மதம் என்றால் சட்டென்று பலருக்கும் புரியும்.

செயின்ட் ஹில்லைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே முதலில் கண்ணில் படுவது குரங்குகள். ஓர் அறையின் சுவர் முழுக்க மனிதர்களைப் போல் நடந்துகொள்ளும் குரங்குகளின் ஓவியம். முன்பு இங்கே வாழ்ந்த சீமாட்டிக்காக வின்ஸ்டன் சர்ச்சிலின் தம்பி மகன் ஜான் ஸ்பென்சர் சர்ச்சில் வரைந்தது. அதைத் தாண்டினால் ஹப்பார்டின் அலுவலக அறை. 1960-களில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். இங்கு மட்டுமல்ல, உலகத்தில் எந்த சயின்டாலஜி சர்ச்சுக்குப் போனாலும் அவருக்கென்று ஓர் அறை உண்டு. அவர் 1986-இல் இறந்துவிட்டார்.

தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் அவர் தக்காளி வளர்த்தார். தக்காளியில் மின்கம்பி செருகி, அதற்கும் வலி உண்டா என்று அவர் சோதிக்கும் புகைப்படம் அந்நாளில் பத்திரிகைகளில் வந்து உலகம் சுற்றியது. பலர் சிரித்தார்கள். ஆனால் தக்காளியில் மாட்டிய அந்தக் கருவிதான் இந்த மதத்தின் நடுநாயகம். அதன் பெயர் ஈ-மீட்டர்.

‘மற்ற மதங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டால், சயின்டாலஜிக்காரர்கள் முதலில் சொல்வது இதுதான்: ‘எதையும் நம்பச் சொல்வதில்லை. செய்து பார், உனக்கு உண்மை என்று தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்.’ செய்து பார்ப்பது என்றால் ஆடிட்டிங். எதிரெதிரே இருவர் உட்காருவார்கள். வந்தவர் இரண்டு கையிலும் இரண்டு உலோகக் குழாய்களைப் பிடித்துக்கொள்வார். மெல்லிய மின்சாரம் உடம்பில் ஓடும். ஆடிட்டர் என்பவர் கேள்வி கேட்டு, மீட்டரின் முள் ஆடுவதைக் கவனிப்பார். எந்த நினைவில் முள் துடிக்கிறதோ, அந்த இடத்தில் பழைய வலி ஒன்று சிக்கியிருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப அதைச் சொல்லவைத்துக் கரைத்துவிட வேண்டும்.

கத்தோலிக்கப் பாவமன்னிப்பு போல இருக்கிறதே என்று தோன்றும். இல்லை என்கிறார்கள். பாதிரியார் மன்னிப்பு வழங்குகிறார், புத்தி சொல்கிறார். ஆடிட்டர் தீர்ப்பும் சொல்லமாட்டார், அறிவுரையும் தரமாட்டார். விடை வந்தவரிடமிருந்துதான் வர வேண்டும். ‘இந்தக் கருவி எந்த நோயையும் கண்டுபிடிக்காது, குணப்படுத்தாது’ என்று ஒரு வாசகம் ஈ-மீட்டரோடு வரும். அமெரிக்க அரசோடு நடந்த வழக்கில் 1971-இல் வந்த தீர்ப்பின் விளைவு அது.

அடுத்த வித்தியாசம், கடவுள். உண்டா என்றால் உண்டு. ஆனால் எப்படிப்பட்டவர் என்று சர்ச் சொல்வதில்லை. வாழ்க்கையை எட்டு உந்துதல்களாகப் பிரிக்கிறார்கள்: தான், குடும்பம், கூட்டம், மனிதகுலம் என்று விரிந்து எட்டாவதில் முடிவின்மை அல்லது பரம்பொருள். முந்தைய ஏழும் தெளிந்தால் எட்டாவது தானே புரியும் என்பது அவர்கள் கணக்கு. உடலும் மனமும் நாம் அல்ல, ‘தீட்டன்’ என்ற அழியாத ஆன்மாதான் நாம் என்பதும், முற்பிறவிகள் உண்டு என்பதும் இந்தியக் காதுக்குப் பழகியவை. அதையும் ஒரு திருத்தத்தோடுதான் சொல்கிறார்கள். வினைப்பயனால் புழுவாகவும் பறவையாகவும் பிறக்கும் மறுபிறவி அல்ல. மனிதன் மீண்டும் மனிதனாகவே வருகிறானாம். பழைய மதத்தை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை என்றும் சொல்கிறார்கள்.

வளாகத்தில் பிறகு எழுந்த கோட்டை போன்ற கட்டடம், கோயிலைவிடக் கல்லூரியைத்தான் நினைவூட்டும். உள்ளே வகுப்பறைகள். மாணவர்கள் பக்கத்தில் அகராதி இருக்கும். புரியாத சொல் ஒன்று வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. படித்த கருத்தைக் களிமண்ணில் பொம்மையாகச் செய்தும் காட்டுவார்கள். ‘முழு விடுதலைக்கான பாலம்’ என்று ஒரு பட்டியல் உண்டு. கீழேயிருந்து மேலே ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ‘கிளியர்’ என்பது ஒரு படி. அதற்கு மேலே உள்ள பாடங்கள் ரகசியம். எல்லாவற்றுக்கும் மேலான படியைக் கரீபியன் கடலில் ஓடும் ஃப்ரீவிண்ட்ஸ் என்ற கப்பலில்தான் பெற முடியும். மோட்சத்துக்குப் பாடத்திட்டம் போட்ட மதம் என்று இதைச் சொன்னால் பின்பற்றுவோரே கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அதைத்தான் தங்கள் சிறப்பு என்கிறார்கள்.

கூர்ந்து பார்த்தால் இடறுவதும் இங்கேதான். ‘நம்பாதே, சோதித்துப் பார்’ என்று வாசலில் சொல்கிறார்கள். ஆனால் ஹப்பார்ட் எழுதியதும் பேசியதும் ஒவ்வொரு சொல்லும் வேதம். முறையை இம்மியும் மாற்றக் கூடாது என்று அவர் 1965-இல் இதே செயின்ட் ஹில்லில் இருந்து கட்டளை எழுதினார். பலன் கிடைக்கவில்லை என்றால் முறை தவறல்ல, செய்தவர் தவறு. தோற்கவே முடியாத சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் சோதனை என்று ஏற்காது.

பணம் இன்னொரு விஷயம். பாலத்தின் படிகளுக்குக் கட்டணம் உண்டு, ‘நிர்ணயித்த நன்கொடை’ என்று பெயர். பழைய மதங்களுக்கு நூற்றாண்டுச் சொத்து இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் சீட்டு வாங்காதவருக்கும் அங்கே சாமி தெரியும். இங்கே அடுத்த பாடத்துக்குப் பணம் கட்டினால்தான் அடுத்த பாடமே கண்ணில் படும்.

இத்தனைக்கும் நடுவில், இது மதம்தானா என்று இந்த ஊர் கோர்ட்டுக்கே போனது. செயின்ட் ஹில்லில் இருந்த சிற்றாலயத்தை வழிபாட்டிடமாகப் பதிவு செய்யக் கேட்டார்கள். 1970-இல் டென்னிங் பிரபு மறுத்துவிட்டார். கடவுளைப் பணிந்து வணங்குவதுதான் வழிபாடு. இதுவோ மனிதனைப் பற்றிய ஒரு தத்துவம் போலத் தெரிகிறது என்றார். எந்த வித்தியாசத்தைப் பின்பற்றுவோர் பெருமையாகச் சொன்னார்களோ, அதுவே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. பௌத்தக் கோயில்கள் விதிவிலக்கு என்று மட்டும் அவர் ஒரு வரி சேர்த்தார்.

அந்த ஒரு வரியின் பக்கம் வாதம் திரும்ப நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. லண்டனில் உள்ள சயின்டாலஜி ஆலயத்திலேயே சட்டப்படி திருமணம் செய்துகொள்ள ஓர் இளம்பெண் விரும்பினார். பதிவாளர் முடியாது என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பெண் பக்கம் நின்றார்கள். கடவுளை வணங்கினால்தான் மதம் என்றால் பௌத்தம், சமணம், தாவோயிசம், பிரம்மஞானம், இந்து மதத்தின் ஒரு பகுதி எல்லாமே வெளியே போய்விடும் என்று டௌல்சன் பிரபு எழுதினார். பிரம்மஞான சபையின் தலைமையகம் சென்னை அடையாறில் இருக்கிறது. லண்டன் கோர்ட்டில் சயின்டாலஜி ஜெயிக்க மகாவீரரும் புத்தரும் அடையாறும் சாட்சிக்கு வந்தது வேடிக்கைதான். சில மாதங்களில் அந்தக் கல்யாணம் நடந்தது.

மதம் என்று ஒப்புக்கொள்வது வேறு, அதன் நடத்தையை ஒப்புக்கொள்வது வேறு. 1984-இல் லண்டனில் ஒரு குழந்தைகள் வழக்கு. தந்தை சயின்டாலஜியில் இருந்தார், தாய் வெளியேறிவிட்டார். பிள்ளைகள் யாரிடம் வளர்வது? நீதிபதி லேட்டி இந்த அமைப்பை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்து, பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்தார். அமைப்பை எதிர்க்கும் உறவினரோடு பேச்சை அறுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ‘டிஸ்கனெக்‌ஷன்’ என்று பெயர். அது அவரவர் சொந்த முடிவு என்கிறது சர்ச். வெளியேறியவர்களில் பலர், பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டு வருடக்கணக்காகிறது என்கிறார்கள். எட்டு உந்துதல்களில் குடும்பத்துக்கு இரண்டாம் இடம் கொடுத்த மதத்தின் மேல் வரும் புகார் இது.

நாட்டுக்கு நாடு பதிலும் மாறுகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1983-இலேயே மதம் என்றது. அமெரிக்கா 1993-இல் வரிவிலக்கு தந்தது. ஜெர்மனியில் உள்நாட்டு உளவுத்துறை 1997-லிருந்து கண்காணிக்கிறது. இங்கிலாந்திலோ கல்யாணம் நடத்தலாம். ஆனால் அறக்கட்டளை அந்தஸ்து கேட்டபோது 1999-இல் ‘இல்லை’ என்றது அறக்கட்டளை ஆணையம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துத் தங்களை சயின்டாலஜியினர் என்று எழுதியவர்கள் 2,418 பேர். செயின்ட் ஹில்லில் ஆண்டு விழா நடக்கும்போது உலகம் முழுவதிலுமிருந்து பக்தர்கள் வந்து குவிகிறார்கள், புல்வெளியில் பிரமாண்டக் கூடாரம் எழும்புகிறது. விழா முடிந்து கூடாரத்தைப் பிரித்ததும் பழைய புல்வெளிதான். மாளிகையைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. குரங்குகள் அறையைத் தவறவிடக் கூடாது.