பகலில் கத்தாத மிசின்

அம்மாவுக்கு அறளை பெயரத் தொடங்கிவிட்டது என்று லண்டனில் இருக்கும் அக்காவுக்கு நான்தான் சொன்னேன். ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இப்படியான செய்திகளுக்கென்று நாம் வைத்திருக்கிற கனத்த குரலில் சொன்னேன். அக்கா அழுதார். நான் ஆறுதல் சொன்னேன்.

அம்மாவின் மூளையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்கள் வீட்டு நடையின் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. அதை அங்கே மாட்டியவன் நான்.

எங்கள் வீடு ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறது, 1986இல் கட்டியது. வாங்கும்போதே அந்தச் சுவரில் வட்டமான பழைய தெர்மோஸ்டாட் ஒன்று இருந்தது. ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் 1953இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு உலோகச் சுருள், சுருளின் மேல் ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழுக்குள் பாதரசம். சுருள் இரண்டு விதமான உலோகங்களை ஒட்டிச் செய்தது. ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக விரியும், கூடுதலாகச் சுருங்கும். அதனால் குளிருக்கு ஒரு பக்கமும் சூட்டுக்கு மறுபக்கமும் முறுகும். முறுகும்போது குமிழ் சரியும், பாதரசம் ஓடிப்போய் இரண்டு கம்பிமுனைகளையும் இணைக்கும், கீழே பேஸ்மென்டில் ஃபர்னஸ் எரியத் தொடங்கும். பற்றரி கிடையாது, மணிக்கூடு கிடையாது. ஒக்டோபரில் சுப்பர் விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அம்மா இரண்டாம் நாளே அதைப் பழகிவிட்டார். வலப்பக்கம் திருப்பினால் சூடு, இடப்பக்கம் திருப்பினால் குளிர்.

எனக்குத்தான் அது பொறுக்கவில்லை. படுக்கும்போது சூட்டைக் குறைக்கவும் விடிய எழும்பி ஏற்றவும் ஒரு மனிதன் தேவைப்படுகிறானே, 2019ஐ எட்டுகிற காலத்தில் இது என்ன கூத்து என்று நினைத்தேன். டிசம்பரில் ஒரு மலிவு விற்பனையில் புதியதொன்றை வாங்கினேன். நாளை நான்காகப் பிரித்து, எழும்பும் நேரம், வெளிக்கிடும் நேரம், திரும்பும் நேரம், படுக்கும் நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலையைச் சொல்லி வைக்கலாம்.

சின்னப் பொய்யை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பழையதில் நான்கு கம்பிகள் பூட்டியிருந்தன. ஆர் என்ற திருகாணியில் சிவப்பு. அதுதான் 24 வோல்ட் வருகிற வழி. டபிள்யூவில் வெள்ளை, வையில் மஞ்சள், ஜியில் பச்சை. தெர்மோஸ்டாட் பெரிய அறிவாளி ஒன்றுமில்லை, வெறும் சுவிட்ச். சிவப்பை வெள்ளையோடு இணைத்தால் வீடு சூடாகும், மஞ்சளோடு இணைத்தால் ஏசி ஓடும், பச்சையோடு இணைத்தால் காற்றாடி மட்டும் சுற்றும். சுவருக்குள் பாவிக்காத நீலக் கம்பி ஒன்றும் சுருண்டு கிடந்தது. அதைச் சி என்ற ஐந்தாவது முனையில் பூட்டினால் புதிய கருவிக்குப் பற்றரி மாற்றத் தேவையில்லை. பேஸ்மென்டுக்குப் போய் ஃபர்னஸின் சுவிட்சை நிறுத்தி, அங்கே நீலத்தின் மறுமுனையைப் பூட்டினேன். அதுவரை எல்லாம் சரி. மேலே வேலை முடியும்வரை பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டே மேலே வந்தேன். ஐந்து கம்பிகளையும் புதிய தகட்டின் துளைக்குள்ளால் இழுத்தபோது சிவப்பின் வெற்றுமுனையும் நீலத்தின் வெற்றுமுனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பொறியில்லை, புகையில்லை. வீடு மட்டும் செத்துப்போயிற்று.

வெளியே மறை 14 பாகை. சனிக்கிழமை பின்னேரம். அவசர அழைப்புக்கு வந்த தொழில்நுட்பக்காரர் ஃபர்னஸின் கீழ்க்கதவைத் திறந்து, பலகையிலிருந்து கார்களில் இருப்பது போன்ற ஊதா நிற ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று அம்பியர், உள்ளே இழை அறுந்திருந்தது. புதிய தெர்மோஸ்டாட் போட்டாயா என்று கேட்டார். அது நேற்றே போட்டது, நன்றாக ஓடியது, இன்றைக்குத் தானாக நின்றுவிட்டது என்றேன். அவர் என் சட்டைப் பையில் நின்ற திருப்புளியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து வேறொரு ஃபியூஸை எடுத்துப் போட்டார். 185 டொலர். மனைவியிடம் பலகை பழசு என்றேன். இன்றுவரை அவள் அப்படித்தான் நம்புகிறாள்.

அவர் போனபின், இரவு ஒன்பதைத் தாண்டி, வெட்கத்தோடும் களைப்போடும் திரையில் மின்னிக்கொண்டிருந்த மணிக்கூட்டைத் திருத்தினேன். காலை 5:30க்கு 21 பாகை. இரவு 10:00க்கு 17. பகலில் அம்மா வீட்டில் தனியே இருப்பார் என்பதால் நடுவிலிருந்த இரண்டு வேளைகளையும் 21 என்றே விட்டேன். எவ்வளவு கரிசனையான மகன் என்று நினைத்தபடி படுத்தது ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கிழமையே இரவுகளில் வியர்க்கத் தொடங்கியது. இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் 21. நான் 17 என்றல்லவா வைத்தேன்? வீட்டில் குளிர் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்தான்.

“அம்மா, ராத்திரி இதிலை கை வைச்சனீங்களோ?”

“நான் ஏன் ராசா அதிலை கை வைக்கிறன்? எனக்கு அதின்ரை எழுத்தே விளங்கேல்லை.”

சனி, ஞாயிறுகளில் நிலைமை தலைகீழாக இருந்தது. மத்தியானம் நடை குளிர்ந்து கிடக்கும். போய்ப் பார்த்தால் 17. திரும்பவும் அம்மாவைத்தான் கேட்டேன். திரும்பவும் இல்லை என்றார். இரவில் ஏற்றுகிறார், பகலில் குறைக்கிறார், இரண்டையும் மறந்துவிடுகிறார் என்று கணக்குப் போட்டேன். வேலையால் வரும்போது வீடு நல்ல சூடாக இருக்கும், அம்மா குசினிக்குள் கோட்டோடு நிற்பார். அதையும் குறித்துக்கொண்டேன். 21 பாகையில் கோட்டுப் போடுகிற ஆளுக்கு ஏதோ நடக்கிறது.

நடைச் சுவரில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே அம்மாவின் சாமித்தட்டு இருந்தது. பின்னேரம் ஒரு விளக்குக் கொளுத்துவார். கையேட்டில் ஒரு வரி: அருகில் விளக்குகளோ வெப்பம் தரும் பொருட்களோ இருக்கக்கூடாது, கருவி அறையின் சூட்டைப் பிழையாகக் கணிக்கும். உண்மையான விஷயம்தான். அந்த வரியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லி, பிள்ளையாரையும் விளக்கையும் அவருடைய அறைக்கு மாற்றினேன். அவருடைய அறை கராஜுக்கு மேலே. கராஜுக்குச் சூடு கிடையாது, ஃபர்னஸிலிருந்து போகிற குழாய்க்கும் அதுதான் கடைசி அறை. வீட்டிலேயே கூடக் குளிர்கிற அறை அது என்பது எனக்குத் தெரியும். தனிக் குளியலறை இருக்கிறது, அம்மாவுக்கு வசதி என்று சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பிறகு தெர்மோஸ்டாட்டை நான்கு இலக்கம் போட்டுப் பூட்டினேன். பூட்டிய பிறகும் இரவில் வியர்த்தது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் தொழில் மென்பொருளைச் சோதிப்பது. இன்னொருவர் எழுதியதில் பிழை பிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பூட்டிய கதவுக்குள் கள்ளன் தொடர்ந்து வந்தால் கள்ளன் உள்ளேதான் இருக்கிறான் என்று அலுவலகத்தில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். வீட்டில் நான் நினைத்தது, அம்மா பேத்தியைக் கேட்டு இலக்கத்தை அறிந்துவிட்டார் என்று. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தேன். பிள்ளை அழுதது.

இதற்கெல்லாம் இடையில் அம்மா ஒருநாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தம்பி, காலமை நான் தேத்தண்ணி குடிச்சு முடிய அந்த மிசின் நிண்டிடும். முந்தி அப்பிடியில்லை. முதல் ஒரு சின்னக் காத்துச் சத்தம் வரும், பிறகு ‘டக்’ எண்டும், பிறகுதான் பெருங்காத்து வரும். இப்ப பகலிலை அது கத்துறேல்லை. நீங்கள் வரக் கொஞ்ச நேரத்துக்கு முன்னம்தான் திரும்பத் தொடங்கும்.”

சின்னக் காற்று என்றது, பற்றவைக்க முன்னர் எரியறைப் புகையை வெளியே இழுக்கிற விசிறி. ‘டக்’ என்றது காஸ் வால்வு திறப்பது. பெருங்காற்று, சுவாலை பிடித்த பின் சூட்டை வீடெங்கும் தள்ளுகிற காற்றாடி. ஃபர்னஸ் ஓடுகிற ஒழுங்கை, அதை ஒருநாளும் கண்ணால் பார்க்காத, 74 வயதான அம்மா காதால் கேட்டுப் படித்துவைத்திருந்தார். எப்போது நிற்கிறது, எப்போது தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். இதைவிடச் சுத்தமான பிழை அறிக்கை என் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை. நான் “சரி அம்மா, பாப்பம்” என்றேன். அந்த ஞாயிறுதான் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

பெப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு புதன்கிழமை வீட்டில் நின்றேன். நடையில் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு முன்னால் நிலத்தில் இருந்து கீரை ஆய்ந்தார். என் தலைக்கு மேலே மெல்லிய ஒரு சொடுக்குச் சத்தம். பேஸ்மென்டில் காற்றாடி தணிந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். 21 என்றிருந்த எண் 17 ஆகியிருந்தது. அம்மாவின் இரண்டு கைகளும் கீரையில். திரையில் நேரம் 10:00. அதன் ஓரத்தில், எறும்பளவு எழுத்தில், பிஎம்.

யன்னலால் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

இரவு ஒன்பதைக் காலை ஒன்பதாகப் பதிந்திருக்கிறேன். பன்னிரண்டு மணித்தியாலம் பிசகிய மணிக்கூடு, அம்மா தனியே இருந்த ஒவ்வொரு பகலையும் இரவென்று நினைத்துச் சூட்டைக் குறைத்தது. நாங்கள் போர்வைக்குள் கிடந்த ஒவ்வொரு இரவையும் பகலென்று நினைத்து ஏற்றியது. ஐந்தரைக்குத் திரும்ப எரியத் தொடங்கியதால், ஆறரைக்கு நான் கதவைத் திறக்கும்போது சாட்சியம் எல்லாம் அழிந்திருக்கும்.

உடனே திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். சோதனைக்காரன் புத்தி, எவ்வளவுக்குப் போகிறது என்று பார்க்க நினைத்தேன். வெப்பமானி உள்ள சின்ன மேசை மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தேன். இரண்டு மணிக்கு அது 14 காட்டியது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “காய்ச்சல்காரன் ஏன்ரா இந்தக் குளிருக்குள்ளை வந்து இருக்கிறாய்?” என்று தன் கம்பளியை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்தினார். கம்பளிக்குக் கீழே இன்னொரு கம்பளி, அதற்குக் கீழே என் பழைய ஜாக்கெட் ஒன்று. இரண்டு மாதமாக அவர் கட்டிவைத்திருந்த அடுக்கு.

பிறகு எழும்பிப் போய்த் திருத்தினேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. மிசின் பிழைவிட்டுப் போச்சுது அம்மா, இப்ப சரியாக்கிப் போட்டன் என்றேன். “பாவம், மிசின்தானே” என்றார். பிள்ளையாரை நானே தூக்கி நடைக்குக் கொண்டுவந்தேன், ஆனால் தெர்மோஸ்டாட்டிலிருந்து தள்ளி, எதிர்ச்சுவரில்.

பின்னர் இந்தக் கருவியின் பிறப்பைத் தேடி வாசித்தேன். குற்றம் செய்தவன் சட்டம் படிப்பது மாதிரி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் வாரன் ஜோன்சன் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவர் படிப்பித்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வகுப்புக் குளிர்கிறதா, வேகிறதா என்று பார்க்கக் காவலாளி ஒவ்வொரு அறையாக வந்துபோக வேண்டும். கீழே அடுப்பின் கதவுகளை அவர்தான் திருப்ப வேண்டும். வகுப்பிலிருந்தே காவலாளிக்கு மணியடிக்கிற மின்கருவி ஒன்றுக்கு ஜோன்சன் 1883இல் காப்புரிமை பெற்றார். குளிர்கிறவர் ஓரிடத்தில், சூட்டுக்குப் பொறுப்பானவர் இன்னோரிடத்தில் என்பதுதான் அவரை அரித்த சிக்கல். என் வீட்டில் நான் நான்கு இலக்கம் போட்டுப் பூட்டியது அந்த மணியை.

ஜூலையில் முதல் தடவை ஏசி போட்டபோது திரையில் பனிச்செதில் சின்னம் வந்தது, குளிர் வரவில்லை. மஞ்சள் கம்பி முழுதாக உள்ளே போகாமல் நுனியில் நின்றிருந்தது. சுவிட்சை நிறுத்தி, அழுத்திவிட்டு, ஏசியின் கம்ப்ரசர் தன் பாதுகாப்புக்காக எடுக்கிற ஐந்து நிமிடத்தையும் பொறுமையாகக் காத்திருந்தேன். அந்தக் கதையை நண்பர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா மே மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டார். அக்காவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். போன கிழமை அம்மாவோடு கதைத்தபோது, யாழ்ப்பாணத்தில் தாங்கமுடியாத வெக்கை என்றார், முற்றத்து மாமரம் காய்த்திருக்கிற கணக்கைச் சொன்னார், பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்.

“கொக்கா ஏன் தம்பி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேக்கிறாள்? அவளுக்கு என்னவும் செய்யுதோ?”

தெரியாது அம்மா என்றேன்.